தொடாதீங்க சார்!

போன மாதம் காரை சர்வீஸுக்கு விட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால், கையில் நாலு பக்கத்துக்கு ஒரு பில் கொடுத்தார்கள். நான் பி.காம். படித்தவன். பில்லைப் படிக்காமல் பணம் கட்டினால், எனக்கு அக்கவுன்டன்ஸி சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குச் செய்கிற துரோகம். வரி வரியாகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. கூலன்ட் ரீப்ளேஸ்மென்ட்: 1,650 ரூபாய். கீழேயே லேபர்: 450. இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் சேர்த்தால் 2,478.

''வடிச்ச பழைய கூலன்டைப் பார்க்கலாமா தம்பி?'' என்று கேட்டேன்.

டை கட்டிய அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ''அதெல்லாம் டிஸ்போஸ் பண்ணிடுவோம் சார்.''

''சரி, புதுசையாவது பார்க்கிறேன்'' என்று பானெட்டைத் திறக்கப் போனேன்.

''தொடாதீங்க சார்! சூடா இருக்கும். நீங்க ஏ.சி.ல உக்காருங்க. காபி வரச் சொல்றேன்.''

உட்கார்ந்தேன். காபி குடித்தேன். பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்தேன். அதாவது, நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான் நானும் செய்தேன்.

மறுநாள் காலையில் மனசு கேட்கவில்லை. இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது பானெட்டைத் திறந்தேன். ஓரத்தில் கூலன்டுக்கு என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். என் காருக்குப் பச்சை நிறத்தில் இருக்கவேண்டும். இருந்ததோ, டீக்கடையில் மூன்றாம் தடவை கொதிக்கவிட்ட டிகாஷன். பழுப்பு. அடியில் துருப்பொடி வேறு.

நேரே போய்க் கேட்டேன். ''ஸாரி சார், டாப்-அப்தான் பண்ணிருக்காங்க. சிஸ்டத்துல ரீப்ளேஸ்மென்ட்னு விழுந்துடுச்சு'' என்றார்கள். பத்தே நிமிடத்தில் பணம் திரும்பி வந்தது. நம் ஊரில் பத்து நிமிடத்தில் பணம் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

என் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அவனுக்கு டார்கெட் இருக்கும், மேலதிகாரி இருப்பார். கோபம் என் மேல்தான், உங்கள் மேலும் கொஞ்சம். ஏழெட்டு லட்சம் கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறோம். அதன் மூடியைத் திறந்து பார்க்க அஞ்சுகிறோம். அந்த பயத்துக்குத்தான் பில் போடுகிறார்கள்.

* * *

கூலன்ட் என்பது என்ன பெரிய ரகசியம்?

உங்கள் வீட்டு அடுப்பில் இருக்கிற பிரஷர் குக்கர்தான் ரேடியேட்டர். அழுத்தத்தை அடக்கி வைத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, அதற்கு மேலே போய்த்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி குக்கரின் வெயிட் மாதிரி. இன்ஜினைச் சுற்றி ஓடுகிற திரவம் சுமார் 90 டிகிரி சூட்டில் சுற்றிச் சுற்றி வந்து, சூட்டை ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்பப் போகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், வெயிட் அடங்காத குக்கரைத் திறந்த கதைதான். முகம் வெந்துவிடும். எந்த இல்லத்தரசிக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தத் திரவத்தில் பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம். கூடவே துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மருந்து. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சென்னையில் அது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அதே கலவை கொதிநிலையையும் ஏற்றுகிறது. அதைவிட முக்கியம் அந்தத் துரு மருந்து. அது நாளாக ஆகத் தீர்ந்துபோகும். அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள். பழைய ரகம் என்றால் இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர். புது ரகங்கள் ஐந்து வருடம், அதற்கு மேலும் தாங்கும். உங்கள் காருக்கு எது என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டில் தூங்குகிறதே, அந்தப் புத்தகம்.

''அந்தக் காலத்தில் பச்சைத் தண்ணிதானே ஊத்தினோம்?'' என்று பெரியவர்கள் கேட்கலாம். உண்மை. என் பெரியப்பாவின் அம்பாசிடரில் ஏற்காடு போவோம். இருபது கொண்டை ஊசி வளைவில் எங்காவது ஓரிடத்தில் வண்டி பெருமூச்சு விட்டு நிற்கும். பெரியப்பா வேட்டியை மடித்துக்கட்டி இறங்குவார். பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, ஈரத்துணி போட்டு மூடியைத் திருகி, டிக்கியில் இருக்கும் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். அவர் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் தெரியும், ஷேக்ஸ்பியர் நடத்தவும் தெரியும். இரண்டும் ஒரே கைதான்.

அந்த இன்ஜின் கனத்த வார்ப்பிரும்பு. முரட்டுப் பிண்டம், எதையும் தாங்கும். இன்றைய இன்ஜினில் அலுமினியம் அதிகம், உள்ளே ஓடும் குழாய்ப் பாதை குறுகல். நம் போர் தண்ணீரை ஊற்றினால், வென்னீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே உப்பு, அது அந்தக் குறுகல் பாதையில் படியும். சூடு ஏறும். இன்ஜின் ஹெட் வளையும். கேஸ்கட் போகும். அப்போது வருகிற பில்லைப் படிக்க பி.காம். போதாது, நெஞ்சுறுதி வேண்டும்.

* * *

சரி, நாமே மாற்றினால் என்ன என்று தோன்றியது. தெருமுனை ஷெட் மெக்கானிக்கிடம் போனேன். முப்பது வருட அனுபவம். ''அண்ணே, நான் மாத்தறேன். நீங்க பக்கத்துல நின்னு தப்பு பண்ணா மட்டும் சொல்லுங்க'' என்றேன். சிரித்தார். ''மிக்ஸி ஓடலைன்னா கவுத்துப் போட்டுத் திருகுறீங்க. ஃபேனுக்கு நீங்களே கண்டென்ஸர் மாத்துறீங்க. காருன்னா மட்டும் ஏன் சார் கை நடுங்குது?'' என்றார்.

வீட்டில், ''ஏங்க, நல்லா ஓடுற வண்டியைக் கைய வெச்சுக் கெடுத்துடாதீங்க'' என்று ஆசீர்வாதம் கிடைத்தது.

ஞாயிறு காலை ஆறு மணி. ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டி. சமதரை. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றச் சொன்னார் அண்ணன். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றுமாம். விரல் போய்விடும். கழற்றினேன். மூடியைத் துணியால் பிடித்து மெதுவாகத் திருகினேன். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு பேசின். கீழே இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தினேன். சில கார்களில் அந்தத் திருகு இருக்காது, கீழ் ஹோஸைக் கழற்றவேண்டும். டிகாஷன் கொட்டியது.

அளந்து பார்த்தேன். மூன்றரை லிட்டர். புத்தகப்படி மொத்தக் கொள்ளளவு ஐந்து. மீதி ஒன்றரை எங்கே? இன்ஜினுக்குள்ளேயே நிற்கிறது. காமர்ஸ் பாஷையில் ஓப்பனிங் பேலன்ஸ். இதைக் கணக்கில் சேர்க்காதவன் உருப்படமாட்டான்.

பிறகு ஒயரை மாட்டி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு வடித்தேன். இப்படி இரண்டு தரம். ஆறுவதற்குத்தான் நேரம் போகும். அந்த இடைவெளியில் டிபன், பேப்பர் எல்லாம் முடிந்தது. குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் போதாதா என்றால், போதாது. அதிலும் உப்பு கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

இப்போது உள்ளே நிற்கும் ஒன்றரை லிட்டரும் ஏறக்குறைய வெறும் தண்ணீர். ஐந்து லிட்டரில் பாதிக்குப் பாதி வேண்டுமென்றால் இரண்டரை லிட்டர் சுத்தக் கூலன்ட், ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றவேண்டும். கடையில் கிடைக்கும் ரெடிமேட் கலவையை மூன்றரை லிட்டர் ஊற்றியிருந்தால்? 35 சதவிகிதம்தான் தேறியிருக்கும். எட்டாம் வகுப்புக் கணக்கு. பில்லில் இந்தக் கணக்கை யாராவது உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்களா?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம், ரோஸ் எல்லாம் கட்சிக் கொடி மாதிரி, வெறும் சாயம். உள்ளே கொள்கை என்ன என்று புத்தகத்தில் சொன்ன ரகத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பொருந்தாத இரண்டு ரகத்தைக் கலந்தால், பொருந்தாக் கூட்டணி மாதிரி உள்ளே கட்டிதட்டிப் போகலாம்.

கடைசியாக நிரப்பிவிட்டு, மூடியைத் திறந்தபடியே இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. அளவு இறங்க இறங்க ஊற்றினோம். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் கூலன்ட் இருந்தும் இன்ஜின் கொதிக்குமாம். மூடியைப் போட்டோம். ஓரத்து டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிரப்பினோம். மறுநாள் காலை மறுபடி பார்த்துக் கொஞ்சம் ஊற்றினேன். முடிந்தது.

அண்ணனுக்குக் கொடுத்த முந்நூறையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 1,550. மிச்சம் ஆயிரத்துக்கும் குறைவு. இந்த ஆயிரத்துக்காக நான் இதை எழுதவில்லை.

எதிர்வீட்டுக்காரர் வாக்கிங் முடித்து வந்தார். கையில் கரியோடு நின்ற என்னைப் பார்த்து, ''என்ன சார், மெக்கானிக் வரலையா?'' என்றார். குரலில் உண்மையான அனுதாபம். இந்த அனுதாபத்துக்காகத்தான் எழுதுகிறேன். கை கறுப்பானால் கௌரவம் போய்விடும், அது 'வேற ஆளுங்க' செய்கிற வேலை என்று நம் புத்தியில் யாரோ எப்போதோ ஊற்றிவைத்த கலவை இருக்கிறதே, அதைத்தான் முதலில் வடிக்கவேண்டும். அதிலும் ஓப்பனிங் பேலன்ஸ் நிறைய.

* * *

''வெளியில் கை வைத்தால் வாரன்ட்டி போய்விடும்'' என்று பயமுறுத்துவார்கள். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. என்ன குற்றம்? ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தங்கள் வட்டத்துக்குள்ளேயே பூட்டிவைத்தது. வெளியில் ரிப்பேர் செய்தாலே மொத்த வாரன்ட்டியும் ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீலுக்குப் போனார்கள். 2022-ல் மத்திய அரசே ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டு, இணையதளமும் தொடங்கியது. அதில் கார்களும் அடக்கம்.

அதாவது, 'தொடாதீங்க சார்' என்பது நம் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லப்படுவதில்லை. அது ஒரு வியாபாரம்.

''எல்லாரும் தானே செய்துகொண்டால் மெக்கானிக் பிழைப்பு என்ன ஆவது?'' என்று ஒரு நண்பர் கேட்டார். விவரம் தெரிந்த கஸ்டமர்தான் நல்ல மெக்கானிக்குக்கு மரியாதை கொடுப்பான். விவரம் தெரியாதவன் பளபள டைல்ஸுக்கும் ஓசிக் காபிக்கும்தான் காசு கொடுப்பான். எல்லோரும் செய்துதான் ஆகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எலெக்ட்ரிக் கார்கள் பலவற்றிலும் ஹைப்ரிட் கார்கள் சிலவற்றிலும் பேட்டரியைக் குளிர்விக்கவும் கூலன்ட் உண்டு. அது உயர் மின்னழுத்த சமாசாரம். அதில் கை வைக்கவே வேண்டாம். முதுகுவலிக்காரர்கள் செய்யவேண்டாம். ஆனால், பார்க்கலாமே? டப்பாவைப் பார்க்க முதுகு எதற்கு?

* * *

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

வேலை முடிந்ததும் பேசினில் இருந்த பழுப்புத் திரவத்தைக் காட்டி, ''இதை என்ன பண்றது அண்ணே?'' என்றேன்.

''ரோட்டோரமா ஊத்திடுங்க சார். எல்லாரும் அப்படித்தான்.''

அதற்குள் எங்கள் தெரு நாய் மணி, வாலை ஆட்டிக்கொண்டு பேசினை முகர வந்துவிட்டது. விரட்டினேன். மறுபடி வந்தது. ஏன் தெரியுமா? எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். வாடையும் பெரிதாகக் கிடையாது. தெருவில் தேங்கிய கூலன்ட், வெயில் காலத்தில் தாகத்தோடு அலைகிற நாய்க்கும் பூனைக்கும் சர்க்கரைத் தண்ணீர். குடித்ததும் முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும். பிறகு சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். அதற்குள் உடம்பு அதை ஆக்ஸாலிக் அமிலமாக மாற்றி, சிறுநீரகத்தில் படிகம் படிகமாக அடைத்துவிடும். பிறகு காப்பாற்றுவது கடினம். சந்தேகம் வந்த நிமிடமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

மனிதனுக்கும் இதே கதைதான். தண்ணீர் கலக்காதது ஒரு டீ கிளாஸ் அளவு வயிற்றுக்குள் போனால் பெரிய ஆளையே சாய்த்துவிடும். குழந்தைக்கு இன்னும் மிகக் குறைவு போதும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால், இதன் கூடப்பிறந்தது. 2022-ல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோது, இந்த இரண்டு விஷமுமே சிரப்பில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அப்பேர்ப்பட்ட சாமானை மீந்துபோனால் மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைக்கிறோம்!

பழைய இன்ஜின் ஆயிலுக்குக்கூட வாங்க ஆள் உண்டு. அதனால் அது தெருவுக்கு வருவது குறைவு. பழைய கூலன்டுக்கு அப்படி வாசலில் வந்து கேட்பார் இல்லை. எனவே சாக்கடைக்குப் போகிறது. சென்னையில் மழைநீர் வடிகாலில் ஊற்றினால் கூவத்துக்கோ அடையாறுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோதான் போகும். ''டிஸ்போஸ் பண்ணிடுவோம் சார்'' என்றானே அந்தத் தம்பி, எங்கே என்று அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும்.

அலசிய தண்ணீரிலும் பழைய கூலன்ட் கலந்திருக்கிறது. மொத்தம் பத்தரை லிட்டர். பழைய எண்ணெய் கேனில் ஊற்றி, மூடி, 'விஷம்' என்று எழுதி ஒட்டினேன். மூன்று சர்வீஸ் சென்டரில் ஏறி இறங்கினேன். பைத்தியக்காரன் என்று பார்த்தார்கள். நாலாவது இடத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு இருந்தது. வாங்கிக்கொண்டார்கள். உடனே கொட்ட அவசியமில்லை. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, அடுத்த சர்வீஸின்போதுகூடக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் 2012 டிசம்பரில், ஐம்பது மாநிலங்களிலும் கடையில் விற்கும் கூலன்டில் கசப்பு சேர்க்க உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். டினாட்டோனியம் பென்ஸோயேட் என்று பெயர். நிலவேம்பெல்லாம் இதற்குமுன் லட்டு. முழுத் தீர்வு இல்லை, ஆனால் முதல் வாயிலேயே துப்ப வைக்கும். நான் வாங்கிய கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கசப்பு என்று ஓர் எழுத்து இல்லை. தமிழில் எச்சரிக்கையும் இல்லை. என் காரோடு வந்த புத்தகமும் ஆங்கிலத்தில்தான்.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. கூலன்ட் விற்கிற கடை பழையதைத் திரும்ப வாங்கட்டும். கேனில் கசப்பு சேரட்டும், 'இனிக்கும், கொல்லும்' என்று தமிழில் அச்சாகட்டும். மாற்றினேன் என்று பில் போடுகிற சர்வீஸ் சென்டர், வடித்ததைக் கஸ்டமருக்குக் காட்டிவிட்டு பில் போடட்டும். கண்ணால் பார்க்காத சரக்குக்கு நான் படித்த படிப்பில் வவுச்சர் பாஸ் ஆகாது.

இதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. ஆயுதபூஜை வந்தால் காரைக் கழுவி, பானெட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். தப்பே இல்லை. இந்த வருஷம் பொட்டு வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் அந்த பானெட்டைத் திறந்து, டப்பாவில் என்ன நிறம் என்று மட்டும் பாருங்கள்.

காலையில், வண்டி ஆறியிருக்கும்போது.